விமானியின் அதிகாரம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

2009இல் நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் விமானத்தை இறக்கிய விமானி சல்லன்பெர்கரைப் பற்றி எழுதி, ஆபத்தில் கடைசி முடிவு விமானியுடையதே என்று சொல்லியிருந்தீர்கள். வாசித்தேன். 155 பேரும் பிழைத்தார்கள், சரி. ஆனால் ரேடாரும் தகவல்களும் தரையிலிருந்து வழிகாட்டும் கட்டுப்பாட்டாளரிடம்தானே இருக்கின்றன? உயிர்ப் பதற்றத்தில் இருக்கும் ஒருவரிடம் கடைசி முடிவை விடலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அன்றைய பேச்சைப் பாருங்கள். எங்கே இறங்குவது என்று கட்டுப்பாட்டாளர் கட்டாயப்படுத்தவில்லை. விமானம் கிளம்பிய லகார்டியா விமான நிலையத்தின் 13ஆம் ஓடுபாதையில் இறங்கிப் பார்க்கிறீர்களா என்று கேட்கிறார். முடியாது என்று பதில் வருகிறது. அப்புறம் பக்கத்து விமான நிலையமான டெட்டர்பரோவில் எந்த ஓடுபாதை வேண்டும் என்கிறார். ஆற்றில் இறங்கப்போகிறோம் என்கிறார் சல்லன்பெர்கர். ஆபத்து நேரத்தில் தேவையான அளவுக்கு எந்தப் பறப்பு விதியையும் மீற அமெரிக்கச் சட்டமே விமானிக்கு இடம் தருகிறது. ரேடார் உயரத்தையும் வேகத்தையும் காட்டும். இரண்டு என்ஜினும் போன விமானம் கைக்குள் எப்படி இருக்கிறது என்பது ஓட்டுகிறவருக்குத்தான் தெரியும். பறவைகள் மோதியதிலிருந்து தண்ணீரைத் தொடும்வரை அவருக்கு இருந்தது மூன்றரை நிமிடம். பிறகு சிமுலேட்டரில் ஓட்டிப் பார்த்தார்கள். மோதிய கணமே திரும்பியவர்களில் சிலர் லகார்டியாவை எட்டினார்கள். நிலைமையைப் புரிந்துகொள்ள 35 நொடி விட்டுத் திரும்பியபோது எட்ட முடியவில்லை.

என்னைக் கேட்டால், அந்த உரிமையைக் கையில் எடுக்கத் தயங்கும் விமானியை நினைத்துத்தான் பயப்பட வேண்டும். 1990 ஜனவரி 25, நியூயார்க். கொலம்பியாவிலிருந்து வந்த அவியாங்கா 52 என்ற விமானம். மோசமான வானிலையில் மொத்தம் 77 நிமிடம் வானத்திலேயே சுற்றவைத்திருந்தார்கள். முதல் முறை இறங்க முடியாமல் மேலே ஏறியதும், எமர்ஜென்சி என்று சொல் என்கிறார் கேப்டன். ரேடியோவைக் கவனித்த துணை விமானியோ, மறுபடி முயல்கிறோம், எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று மட்டும் சொல்கிறார். சொன்னாயா என்று கேப்டன் திரும்பக் கேட்கிறார். சொல்லிவிட்டேன் சார் என்கிறார். கட்டுப்பாட்டாளர் காதில் அந்த ஒரு சொல் விழவே இல்லை. எரிபொருள் குறைகிறது என்று பல விமானங்கள் சொல்வதுண்டு. எமர்ஜென்சி என்றால்தான் வழி விடுவார்கள். 15 மைல் வடகிழக்கே கொண்டுபோய்த் திருப்புகிறேன், உங்கள் எரிபொருளுக்குச் சரிப்படுமா என்று கட்டுப்பாட்டாளர் கேட்டார். சரிப்படும் என்று நினைக்கிறேன், மிக்க நன்றி என்றார் துணை விமானி.

சில நிமிடங்களில் என்ஜின்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. லாங் ஐலண்டின் கோவ் நெக்கில் ஒரு மேட்டில் விமானம் விழுந்தது. 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். எரிய எரிபொருள் இல்லாததால் தீப்பிடிக்கவில்லை.

அன்புடன்