டென்மார்க் நடிகர் மேட்ஸ் மிக்கல்சன் நடிக்க வருவதற்கு முன் நடனக் கலைஞராக இருந்தாரா?

ஆமாம். 1965-ல் கோபன்ஹேகனில் பிறந்தவர் சிறுவயதில் ஜிம்னாஸ்டிக்ஸ் பழகினார், அப்புறம் பல ஆண்டுகள் நடனம்தான் அவருக்குத் தொழில். நாடகப் பள்ளியில் படித்து முடித்ததும் 1996-ல் 'புஷர்' படம். டென்மார்க்கில் வீட்டுக்கு வீடு தெரிய வைத்தது 'ரெய்செஹோல்டெட்' என்ற போலீஸ் தொடர். 2006-ல் 'கசினோ ராயல்' படத்தில் ஒரு கண்ணில் ரத்தம் கசியச் சீட்டாடுவாரே அந்த வில்லன், அவரேதான். 'ஹானிபல்' தொடரிலும் நல்ல பேர்.

என்னைக் கேட்டால், டேனிஷ் படங்களில்தான் ஆள் முழுசாகத் தெரிகிறார். 'தி ஹன்ட்' படத்துக்காக 2012-ல் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது வாங்கினார். உங்கள் கேள்விக்கான அத்தாட்சி 2020-ல் வந்த 'அனதர் ரவுண்ட்' படத்தின் கடைசிக் காட்சி. பள்ளிப் படிப்பை முடித்த மாணவர்கள் துறைமுகத்தில் கூத்தடிக்க, அவர்கள் நடுவே வரலாற்று வாத்தியாராக வரும் மிக்கல்சன் சுழன்று, துள்ளி ஆடுகிறார். ஐம்பதைத் தாண்டிய பிறகு ஆடிய ஆட்டம் அது!