கேள்வி – பதில்: சங்முன்-டோங் எங்கே இருக்கிறது?

கேள்வி: 'ரிப்ளை 1988' என்ற கொரியத் தொடரில் ஐந்து குடும்பங்கள் வாழும் தெருவும் 'ஸ்க்விட் கேம்' நாயகனின் ஊரும் ஒரே சங்முன்-டோங்தானா? சியோலுக்குப் போனால் அந்தத் தெருவைப் பார்க்க முடியுமா?
– வாசகி, அயனாவரம், சென்னை

பதில்: ஒரே ஊர்தான், சியோலின் வடபகுதியில், தோபோங் வட்டத்தில் இருக்கும் சாதாரணக் குடியிருப்புப் பேட்டை அது. 2015-16இல் ஒளிபரப்பான முதல் தொடரைப் பார்த்தவர்களுக்கு, ஒரு வீட்டில் சமைத்தது கிண்ணத்தில் அடுத்த வீட்டுக்குப் போய், அங்கிருந்து வேறொரு பதார்த்தத்தோடு திரும்பி வருகிற காட்சிதான் முதலில் நினைவுக்கு வரும். 2021இல் வந்த 'ஸ்க்விட் கேம்' அதே பெயரைக் கடனில் மூழ்கியவர்களின் ஊராக்கியது. ஊரே மெச்சிய படிப்பாளி ஒருவன், மீன் விற்கும் தாயின் கடையையே அடமானம் வைத்துவிடுகிறான்.

இவை எதிரெதிர்ச் சித்திரங்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. முதல் தொடரின் நாயகி வீட்டாரும் அண்டை வீட்டின் கீழே, பாதி நிலத்துக்குள் இறங்கிய தளத்தில்தான் குடியிருக்கிறார்கள்; வங்கி ஊழியரான அவளுடைய அப்பா, நண்பருக்காக ஜாமீன் கையெழுத்துப் போட்டு, அந்தக் கடனைச் சுமப்பவர். பழைய பாட்டுகளின் இனிமையில் நாம் அதைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறோம். (வட சென்னை என்றதும் பெரும்பாலும் அரிவாளைத் தேடுகிற நம் சினிமாவுக்கு இந்த நிதானம்கூட வாய்ப்பதில்லை.)

இரு தொடர்களும் தொடாத ஒருவரும் இந்த ஊர்க்காரர்தான். சியோலின் பியோங்வா சந்தைத் தையற்கூடத்தில் வேலை செய்த ஜொன் தே-இல், பட்டினியாகத் தைத்துக்கொண்டிருந்த சிறுமிகளுக்குத் தன் பேருந்துக் காசில் ரொட்டி வாங்கிக் கொடுத்துவிட்டு, இரவில் சங்முன்-டோங்கிலிருந்த குடிசை வரை நடந்தே வருவாராம். தொழிலாளர் சட்டத்தை நடைமுறைப்படுத்தக் கோரி, 1970 நவம்பர் 13 அன்று, 22 வயதில் தீக்குளித்து உயிர்விட்டார். பேட்டையின் வரலாற்றில் எனக்கு முதன்மையாகப் படுவது இதுதான்.

நீங்கள் தேடுகிற தெரு அங்கே இல்லை. அது பக்கத்து நகரமான உய்ஜங்புவில் போட்ட அரங்கம். ஆனால் சுரங்க ரயிலின் 4ஆம் தடத்தில் சங்முன் நிலையத்தில் இறங்கினால், 'ஸ்க்விட் கேம்' மீன்கடைக் காட்சிகளை எடுத்த பெக்உன் சந்தையைப் பார்க்கலாம். பிள்ளைகள் உடன் வந்தால், 1983இல் தொடங்கிய சித்திரக்கதையின் குட்டி டைனோசர் தூலிக்கு அங்கே ஓர் அருங்காட்சியகமும் உண்டு.