30,000 முட்டைக்கோழிக்கு எந்தச் செட்?

கேள்வி: நாமக்கல் மாவட்டத்தில் எங்களுக்கு 6 ஏக்கர் மேட்டு நிலம் இருக்கிறது. வடக்கு தெற்காக 650 அடி, கிழக்கு மேற்காக 400 அடி. 30,000 முட்டைக்கோழி வைக்கப் போகிறோம். 80 வாரம் வரை வைத்திருப்போம். ஒரே ஈ.சி. செட்டாக (நான்கு பக்கமும் மூடி, உள்ளே வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கொட்டகை) போடச் சொல்கிறார் ஒருவர், உயரச் செட்டே (தூண்மேல் கூண்டு, கீழே எரு விழும் திறந்த கொட்டகை) போதும் என்கிறார் இன்னொருவர். கூண்டு 15-க்கு 18 அங்குலம், பெட்டிக்கு 4 கோழி என்று கொட்டேஷன் வந்திருக்கிறது. எதைப் போடலாம்?

பதில்: செட்டை முடிவு செய்யும் முன் எத்தனை பேட்ச் ஓட்டப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள். கூண்டு விலையை ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

30,000 கோழியும் ஒரே செட்டில் என்றால் எல்லாம் ஒரே வயது. கழிவுக்கோழி ஏற்றியதும் கழுவி, மருந்தடித்துக் காயவிட 4 வாரம். 16 வாரக் கோழி உள்ளே வந்து, நூற்றுக்கு ஐம்பது முட்டை என்ற நிலையைத் தொட இன்னும் 4, 5 வாரம். ஆக இரண்டு மாதம் முட்டை வரவு இருக்காது. தீவனச் செலவு மட்டும் ஓடும். அந்த நேரத்தில் முட்டை விலை ஏறியிருந்தால் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். 10,000 வீதம் மூன்று செட், ஒரு குஞ்சுச் செட் என்று பிரித்தால் எந்த மாதமும் இரண்டு செட்டாவது முட்டை போட்டுக்கொண்டிருக்கும்.

கணக்கைப் பாருங்கள். முட்டைச் செட்டில் 16 முதல் 80 வரை 64 வாரம், சுத்தத்துக்கு 4 வாரம், மொத்தம் 68. மூன்றால் வகுத்தால் ஏறக்குறைய 22½ வாரத்துக்கு ஒருமுறை குஞ்சு இறக்க வேண்டும். குஞ்சுச் செட்டில் 16 வாரம் வளர்ந்து போனபின் 6 வாரத்துக்கு மேல் அது காலியாகக் கிடக்கும். "சும்மா கிடக்கிறதே, இன்னொரு முட்டைச் செட் சேர்க்கலாமே" என்று தோன்றும். நான்காவது செட்டைச் சேர்த்தால் சுழற்சி 17 வாரமாகிவிடும். குஞ்சுச் செட்டைச் சுத்தம் செய்ய ஒரே வாரம்தான் மிஞ்சும். போன பேட்ச் நோய் அடுத்த பேட்ச் குஞ்சுக்கு ஏறுவது அப்படித்தான்.

இப்போது ஈ.சி. செட்டுக்கு வருவோம். நான்கு பக்கமும் மூடி, ஒரு கோடியில் கூலிங் பேட் (தண்ணீர் வழிந்து காற்றைக் குளிர்விக்கும் அட்டைச் சுவர்), மறு கோடியில் எக்ஸாஸ்ட் ஃபேன். 40 அடி அகலம், சராசரி 14 அடி உயரம் என்றால் குறுக்குப் பரப்பு 560 சதுர அடி. காற்று நிமிடத்துக்கு 500 அடி ஓட 2,80,000 கன அடி இழுக்க வேண்டும். 50 அங்குல ஃபேன் ஒன்று 20,000 இழுக்கும் என்று வைத்தால் 14 ஃபேன். 6 அங்குல பேடுக்குள் காற்று 350 அடி வேகத்துக்கு மேல் போகாமலிருக்க 800 சதுர அடி பேட். கொட்டேஷனில் பேட் பரப்பு இதைவிடக் குறைந்திருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். பேட் குறைந்தால் ஃபேன் திணறும், காற்று குறையும். கடைசிக் கூண்டுக் கோழி வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்.

கத்திரி வெயிலில் வெளியே 39 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் நல்ல பேட் உள்ளே வரும் காற்றை 28 டிகிரி வரை இறக்கும். அந்த வகையில் நாமக்கல்லின் வறண்ட வெக்கை ஈ.சி. செட்டுக்குத் தோதானதுதான். ஆனால் ஐப்பசி மழையில் 32 டிகிரியும் 75 சதவீத ஈரமும் இருக்கும்போது பேட் 3 டிகிரிகூடக் குறைக்காது. உள்ளே ஈரம் ஏறி எரு நசநசத்து அம்மோனியா கிளம்பும். அந்நாட்களில் தண்ணீரை நிறுத்திவிட்டு ஃபேனை மட்டும் ஓட்ட வேண்டும். இது தெரிந்த ஆள் உங்களிடம் இருக்கிறாரா?

மின்சாரம் இன்னும் பெரிய கேள்வி. வெயில் மதியத்தில் ஃபேன் நின்றால் அரை மணி நேரத்தில் சாவு தொடங்கிவிடும். தானாகக் கிளம்பும் ஜெனரேட்டர், அதற்கு மாற்றாக இன்னொன்று, மின்சாரம் போனதும் அலறும் பேட்டரி அலாரம் மூன்றும் வேண்டும். இவை இல்லாத கொட்டேஷன் பாதிக் கொட்டேஷன். ஒரே வயதில் 50,000-க்கு மேல் வைத்து, எலெக்ட்ரீஷியனைப் பண்ணையிலேயே தங்க வைக்க முடிந்தவருக்கு ஈ.சி. லாபம்தான்; ஆள் குறையும், தீவனம் மிச்சமாகும். உங்களுக்கு மூன்று உயரச் செட்டே பொருந்தும் என்பது எங்கள் கருத்து.

பெட்டிக்கு 4 கோழி வேண்டாம். 15-க்கு 18 அங்குலம் என்றால் 1,742 சதுர செ.மீ. நான்காகப் பிரித்தால் கோழிக்கு 435. மூன்று கோழி என்றால் 580. முட்டைக்கோழிகளுக்காக 2023-ல் வந்த மத்திய அரசு விதிகள் கேட்பது 550. புதிதாகக் கட்டும்போதே அதற்குக் கீழே போவானேன்? தீவனத் தொட்டியில் கோழிக்கு 10 செ.மீ. இடமாவது வேண்டும், நான்கு கோழி என்றால் 9½தான் கிடைக்கும். ஒன்று எப்போதும் பின்னால் நிற்கும், எடை குறையும், பேட்ச் ஒரே சீராக இராது. (ஐரோப்பிய ஒன்றியத்தில் வெறும் கம்பிக் கூண்டுக்கே 2012 முதல் தடை, வசதி கூட்டிய கூண்டில் கோழிக்கு 750 வேண்டும். கூண்டில்லாமல் ஆழ்கூளத்தில் (தரையில் பரப்பிய உமி, மரத்தூள் மேல்) விடலாம் என்றால் கோழிக்கு 2 சதுர அடி. 30,000 கோழிக்கு 60,000 சதுர அடிக் கூரை என்பது சாதாரண முட்டை விலைக்குக் கட்டாது.)

பெட்டிக்கு மூன்று என்றால் 10,000 கோழிக்கு 3,334 பெட்டி. மூன்றடுக்கு, இருபக்கக் கூண்டு வரிசை மூன்று போட்டால் ஒவ்வொன்றும் 232 அடி நீளம் வரும். தீவனம் இறக்கவும் முட்டை அடுக்கவும் இடம் சேர்த்து 250 அடி நீளம், 32 அடி அகலம் வைத்துக்கொள்ளுங்கள். நீளம் கிழக்கு மேற்காக இருக்கட்டும். கூரை இருபுறமும் 4 அடி வெளியே நீண்டால்தான் சாய்வெயிலும் சாரலும் ஓரக் கூண்டில் விழாது. செட்டுக்குச் செட் 60 அடி. கடைசி முட்டைச் செட்டிலிருந்து 300 அடி தள்ளிக் குஞ்சுச் செட், 30 அடி அகலத்தில். கூட்டினால் 546 அடி; உங்கள் 650 அடியில் அடங்கிவிடும். தென்மேற்குக் காற்றுக்கு முன்னால் குஞ்சு இருக்க வேண்டுமென்பதால் அதைத் தென்கோடியில் வையுங்கள். ஆள் காலையில் குஞ்சைப் பார்த்துவிட்டு முட்டைச் செட்டுக்குப் போகலாம். அங்கிருந்து திரும்பிக் குஞ்சுக்குப் போகக் கூடாது.

கூண்டின் அடிக்கம்பியைக் கையால் அழுத்திப் பார்த்து வாங்குங்கள். 18 அங்குல ஆழத்தில் பின்னிருந்து முன்னுக்கு இரண்டேகால் முதல் இரண்டரை அங்குலச் சரிவு போதும். பின் ஓரத்தில் ஒரு முட்டையை வைத்தால் அது தானாக உருண்டு வந்து, முன் தட்டில் கிடக்கும் முட்டையில் மோதாமல் மெதுவாக நிற்க வேண்டும். சரிவு கூடினால் ஓடு விரியும். குறைந்தாலோ, நடுவில் தாங்குகம்பி இல்லாமல் தளம் தொய்ந்தாலோ முட்டை பள்ளத்தில் தங்கும்; கோழி கொத்திக் குடித்துப் பழகிவிடும். அந்தப் பழக்கத்தை மாற்றுவது லேசில்லை.

தூணை 8 அடிக்குக் குறைக்காதீர்கள். 10,000 கோழி நாளுக்கு ஏறக்குறைய ஒரு டன் பச்சை எரு போடும். கூண்டுக்குக் கீழே அது கூம்பு கூம்பாக எழுந்து காய வேண்டும். டிராக்டரும் உள்ளே வந்து திரும்ப வேண்டும். கீழ்த்தளம் வெளித்தரையைவிட ஒன்றரை அடி உயரம். தினமும் காலையில் கோழியைப் பார்க்கும் முன் எருவைப் பாருங்கள். கூம்பின் உச்சி சாம்பல் நிறத்தில் வெடித்திருந்தால் சரி. நிப்பிளுக்கு (கோழி கொத்தினால் தண்ணீர் சொட்டும் குழாய் முனை) நேர் கீழே மட்டும் குழி விழுந்து கறுத்துப் பளபளத்தால் அந்த நிப்பிள் ஒழுகுகிறது. போர்வெல் உப்பும் துருவும் உள்ளே அடைவதுதான் வழக்கமான காரணம். லைனின் தொடக்கத்தில் ஃபில்டர் வையுங்கள், வாரம் ஒருமுறை கடைசி முனையைத் திறந்து வேகமாகத் தண்ணீரை ஓடவிடுங்கள், ஒழுகும் நிப்பிளை அன்றே மாற்றுங்கள்.

ஈத் தொல்லைக்கு மருந்து இரண்டாம்பட்சம். எருவின் ஈரம்தான் முதல் காரணம். வெயில் காலத்தில் ஈ முட்டையிலிருந்து பறக்க 7 முதல் 10 நாள் போதும். எருவை அள்ளும்போது அடியில் காய்ந்த எருவை அரை அடி விட்டு அள்ளுங்கள்; வெறும் தரையில் விழும் புது எரு காயாமல் புழு வைக்கும். மழைக்காலத்தில் தேவைப்பட்டால் ஈப்புழுவைக் கொல்லும் 1 சதவீத சைரோமசைன் மருந்தை டன்னுக்கு 500 கிராம் தீவனத்தில் கலக்கலாம், கால்நடை மருத்துவரைக் கேட்டுக்கொண்டு. 5,000 கோழிக்கு மேல் வைக்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை வேண்டும். குடியிருப்புப் பகுதியிலிருந்து 500 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். நிலத்தை அளந்து இதை உறுதி செய்த பிறகே அஸ்திவாரம் தோண்டுங்கள்.

தண்ணீர் சாதாரண நாளில் கோழிக்கு கால் லிட்டர், கோடையில் 350 மில்லிக்கு மேல். 30,000-க்கு 10,500 லிட்டர்; இரண்டு நாள் இருப்புக்கு ஏற்பத் தொட்டி கட்டி, நிழலில் வையுங்கள். வெந்நீரான தண்ணீரைக் கோழி குடிக்காது, குடிக்காவிட்டால் தின்னாது.

குஞ்சுச் செட்டை முதலில் கட்டுங்கள். அதிலும் நிப்பிளே இருக்கட்டும். கிண்ணத்தில் குடித்து வளர்ந்த கோழி புதுக் கூண்டில் இரண்டு நாள் தாகத்தோடு நிற்கும். செட்டுக்கு 10,500 குஞ்சு எடுத்தால் இழப்பும் கழிவும் போக 10,000 நிற்கும். முதல் குஞ்சு இறங்கிய 15-வது வாரத்துக்குள் முதல் முட்டைச் செட்டில் கூண்டு பொருத்தி, தண்ணீர் லைன் ஒரு வாரம் ஓடியிருக்க வேண்டும். 17 வாரம் தாண்டி மாற்றினால் கோழி முட்டைக்குத் தயாராகும் நேரத்தில் அதிர்ச்சி தாங்காமல் பின்தங்கும். ஆகவே கூண்டுக்காரரிடம் தேதியை எழுதி வாங்கிய பிறகு குஞ்சுக்கு முன்பணம் கட்டுங்கள்.