தன்பாலீர்ப்பும் கத்தோலிக்க விசுவாசமும்: மலையிலிருந்து வந்த கேள்விகள்

பதில் சொல்பவர்: கோத்தகிரிப் பக்கம் மறைக்கல்வி நடத்துபவர், தன்பாலீர்ப்புள்ளவர்.

கூடலூர், 24 வயது: அண்ணா, எனக்கு ஆண்கள் மேல்தான் ஈர்ப்பு. பூசையில் நன்மை (நற்கருணை) வாங்கலாமா?

வாங்கு தம்பி. ஈர்ப்பே பாவம் என்று திருச்சபை சொல்லவில்லை. ஒரே பாலினத்தவருக்குள் உடலுறவைப் பாவம் என்கிறது, அதை நான் மறைக்க மாட்டேன். அப்படி எதுவும் உறுத்தினால் பாவசங்கீர்த்தனம் (சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது) செய்துவிட்டு வா. நம்மைப் போன்றவர்களை மதிப்போடும் பரிவோடும் ஏற்க வேண்டும், அநியாயமாக ஒதுக்கக் கூடாது என்று கத்தோலிக்க மறைக்கல்வி நூல் 2358-ஆம் எண்ணில் சொல்கிறது. திருச்சபை ஒதுக்காத உன்னை நீயே ஒதுக்கிக்கொள்ளாதே.

குன்னூர்: எங்கள் பங்குச்சாமியார் அப்பாவுக்கு நெருக்கம். பாவசங்கீர்த்தனத்தில் எப்படிச் சொல்வது?

அங்கே கேட்டதை அவர் வெளியே சொல்லவே முடியாது. சொன்னால் சபைநீக்கம். ஆனால் டீ குடித்துக்கொண்டே பேச்சுவாக்கில் சொல்வதற்கு அந்த ரகசியக் காப்பு கிடையாது, கவனம். தயக்கமாக இருந்தால் ஊட்டிக்குப் போய் காந்தல் குருசடியில் செய்யுங்கள். வெளியூர் ஆட்கள் வந்துபோகும் இடம்.

கோத்தகிரி, 29 வயது: பெண் பார்த்துவிட்டார்கள். அடுத்த மாதம் கோயிலில் ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசிக்கப் போகிறார்கள். கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் அப்பா.

சரியாகாது. தயவுசெய்து இதை நிறுத்துங்கள். தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் சுவருக்கு அந்தப் பக்கம் பேசுவது இந்தப் பக்கம் கேட்கும். "என்ன விசேஷம் இல்லையா?" என்று இலை பறிக்கும் இடத்தில் வருஷக்கணக்காகக் கேட்பார்கள், உங்களை அல்ல, அந்தப் பெண்ணை. குறை தன்னிடம்தான் என்று அவள் நம்பிவிடுவாள். எனக்கு உங்கள் வேதனையைவிட அதுதான் பெரிதாகப் படுகிறது.

வழி திருச்சபைச் சட்டத்திலேயே இருக்கிறது. வற்புறுத்தலாலோ கடும் அச்சத்தாலோ செய்யும் திருமணம் செல்லாது என்கிறது 1103-ஆம் விதி. ஓலைக்கு முன்னால் சாமியார் உங்களைத் தனியாக விசாரிப்பார், முழுச் சம்மதமா என்று கேட்பார். "இல்லை சாமி, எனக்குச் சம்மதமில்லை" என்றால் போதும். காரணத்தை விளக்க வேண்டியதில்லை. ஆனால் அதுவரை காத்திருக்காமல் இந்த வாரமே வீட்டில் சொல்லிவிடுங்கள். பத்திரிகை அடித்த பிறகு நிறுத்தினால் அவமானம் முழுவதும் பெண் வீட்டுக்கு.

அதே நபர்: அப்படியானால் சாமியாராகப் படிக்கக் குருமடத்தில் சேர்ந்துவிடட்டுமா?

வேண்டாம். ஆழமான தன்பாலீர்ப்பு உள்ளவர்களைச் சேர்க்கக் கூடாது என்பது 2005 வத்திக்கான் அறிவுறுத்தல். அது வலிக்கிற விஷயம்தான். ஆனாலும் ஒளிந்துகொள்ள குருத்துவ அழைத்தல் ஒரு இடமல்ல.

கொடைக்கானல், ஒரு அம்மா: மகன் என்னிடம் சொல்லிவிட்டான். என் வளர்ப்பில் தப்பா? பேய் ஓட்டும் ஜெபத்துக்குக் கூட்டிப்போகச் சொல்கிறார்கள்.

உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை, அம்மா. இது ஏன் வருகிறது என்பது பெரும்பாலும் விளங்காத ஒன்று என்று மறைக்கல்வி நூலே ஒப்புக்கொள்கிறது. ஆயரின் அனுமதி இல்லாமல் பேயோட்டும் சடங்கு நடத்தத் திருச்சபைச் சட்டத்தில் இடமில்லை. "மாற்றிக் காட்டுகிறேன்" என்று எந்த டாக்டராவது சொன்னால் அதையும் நம்பாதீர்கள்: சென்னை உயர்நீதிமன்றம் 2021-ல் அந்தச் சிகிச்சையைத் தடைசெய்யச் சொன்னது, 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில் ஒழுக்கக்கேடு என்று அறிவித்தது. அவன் தூங்காமல் சாப்பிடாமல் இருந்தால் 14416-க்குக் கூப்பிடுங்கள், அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். அப்புறம், சாயங்கால ஜெபமாலைக்கு எப்போதும்போல அவனையும் கூப்பிடுங்கள்.