கலர்க் கோடும் கம்பியும்

அன்புள்ள சார்,

குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு 60 வயது. தறி ஓட்டுகிறவர், முப்பது வருஷத்துக்கு மேல் பீடிப் பழக்கம். கீழ்வரிசை முன்பற்கள் ஆடுகின்றன என்று போன மாதம் வேலூரில் ஒரு பல் கிளினிக்குக் கூட்டிப்போனேன். எக்ஸ்ரே எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள், ஏஐ பார்த்துச் சொல்லும் என்றார்கள். ஒவ்வொரு பல்லுக்கும் பக்கத்தில் கலர்க் கோடு, இத்தனை சதவீதம் எலும்பு கரைந்திருக்கிறது என்று எண். அதைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்து, ஈறு ஸ்பெஷலிஸ்டைப் பார்க்கச் சொன்னார்கள்.

ஸ்பெஷலிஸ்ட் அந்தத் தாளை ஒரு பார்வை பார்த்து மேசையில் வைத்துவிட்டார். மெல்லிய கம்பி ஒன்றை எடுத்து, ஒவ்வொரு பல்லாக விட்டு அளந்தார். அரை மணி நேரம் ஆனது. "என் எகிறு கெட்டி, ரத்தமே வந்ததில்லை" என்றார் அப்பா. அதற்கு அவர் "ஒரு நாளைக்கு எத்தனை பீடி?" என்று கேட்டார். மிஷின் நொடியில் சொன்னதை இவர் ஏன் ஒதுக்க வேண்டும்? பிழைப்பு போய்விடும் என்ற பயமா, படித்தவர்களின் கர்வமா? நாங்கள் எதை நம்புவது?

க., குடியாத்தம்

அன்புள்ள க.,

பயம் என்றோ கர்வம் என்றோ எனக்குத் தோன்றவில்லை. அவர் கம்பியை எடுத்தது சரி. தாளை அவ்வளவு சீக்கிரம் கீழே வைத்ததில்தான் எனக்கு வருத்தம்.

முதலில் கம்பி. பெரியோடாண்டல் ப்ரோப் என்பார்கள். நுனி மழுங்கலாக இருக்கும், உடம்பில் மில்லிமீட்டர் கோடுகள். நம் பல் மருத்துவக் கல்லூரிகளில் பழக்கத்தில் இருக்கும் வில்லியம்ஸ் ப்ரோபில் 1, 2, 3, 5, 7, 8, 9, 10 என்றுதான் கோடு. படிக்கும்போது கண் குழம்பக்கூடாது என்று 4, 6 இரண்டையும் விட்டிருப்பார்கள். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே மெதுவாக இறக்கினால் 3 மில்லிமீட்டருக்குள் அது நின்றுவிட வேண்டும். 5, 6 என்று இறங்கினால் அங்கே பை விழுந்திருக்கிறது, பாக்கெட் என்கிறார்களே, அது. ஒரு பல்லுக்கு வெளிப்பக்கம் 3 இடம், உள்பக்கம் 3 இடம். கடைசிக் கடைவாய்ப் பற்களை விட்டு 28 பல் என்று வைத்துக்கொண்டால் 168 அளவுகள். அரை மணி நேரம் ஆனது அதனால்தான்.

எக்ஸ்ரே காட்டுவது நிழலை. பல்லுக்கும் பல்லுக்கும் இடையே எலும்பு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பது அதில் நன்றாகவே தெரியும். உதட்டுப் பக்கமும் நாக்குப் பக்கமும் இருக்கிற எலும்பைப் பல்லே மறைத்துவிடும். அங்கே பை ஆழமாக விழுந்திருந்தாலும் படத்தில் தெரியாமல் போகலாம். படத்தில் இல்லாத இடத்தில் எந்த ஏஐயாலும் கோடு போட முடியாது. அப்புறம், எலும்பு எப்போது கரைந்தது என்பதை ஒரே ஒரு படம் சொல்லாது. பத்து வருஷம் முன்பு கரைந்து நோய் அடங்கிப்போன வாயும், இன்றைக்கும் கரைந்துகொண்டிருக்கிற வாயும் அதில் ஒரே மாதிரி தெரியலாம். கம்பி பட்டதும் ரத்தம் கசிகிறதா, சீழ் வருகிறதா, பல் எவ்வளவு ஆடுகிறது, இவைதான் இன்றைய நிலவரம். கை வைத்துப் பார்க்காமல் இவை தெரியாது.

உங்கள் அப்பா விஷயத்தில் ரத்தமும் ஏமாற்றும். புகை பிடிக்கிறவர்களின் ஈறில் ரத்தக் கசிவு குறைந்துவிடும், சிவப்பும் வீக்கமும்கூட அடங்கித் தெரியும். உள்ளே எலும்பு போய்க்கொண்டிருக்கும்போதே வெளியே "கெட்டி"யாக இருக்கும். அவர் பெருமையாகச் சொன்ன அந்த வார்த்தைதான் டாக்டரை உஷார்ப்படுத்தியிருக்கும்.

பீடி எண்ணிக்கை கேட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அமெரிக்க, ஐரோப்பிய ஈறு மருத்துவச் சங்கங்கள் 2017-இல் கூடிப் பேசி, 2018-இல் வெளியிட்ட வகைப்பாட்டைத்தான் இன்று இங்கும் பின்பற்றுகிறார்கள். நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதற்கு நான்கு நிலைகள், எவ்வளவு வேகமாகப் போகும் என்பதற்கு ஏ, பி, சி என்று மூன்று தரங்கள், சி-தான் அதிக வேகம். பழைய எக்ஸ்ரே கையில் இல்லையென்றால், மோசமான பல்லில் எலும்பு கரைந்த சதவீதத்தை வயதால் வகுப்பார்கள். 60 வயதில் 40 சதவீதம் என்றால் 0.67, அது பி. மிஷின் இந்தக் கணக்கை நொடியில் போட்டுவிடும். ஆனால் நாளைக்கு 10 சிகரெட் அல்லது அதற்கு மேல் என்றால் அதே ஆள் சி-க்குப் போய்விடுவார். சர்க்கரை இருந்து, எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 7 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்றாலும் சி. அந்த அட்டவணையில் இருப்பது சிகரெட் மட்டும்தான், பீடி இல்லை. ஒரு பீடியை எத்தனை சிகரெட்டுக்குச் சமமாக வைப்பது என்று, எதிரே உட்கார்ந்திருக்கிற டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். வேலூர், குடியாத்தம், பேரணாம்பட்டு என்று பீடி சுற்றியும் பிடித்தும் வாழ்கிற பக்கத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

ஏஐ பற்றி ஈறு நிபுணர்களிடம் பல நாடுகளில் கருத்துக் கேட்டிருக்கிறார்கள். பதில்கள் பெரும்பாலும் ஒரே சாயலில் இருக்கின்றன. வரவேற்கிறோம், நோய் கண்டுபிடிக்க உதவும், எங்கள் இடத்தைப் பிடிக்காது என்கிறார்கள். பயன்படுத்திப் பார்த்தவர்கள் குறைவு. படிக்கும்போது யாரும் சொல்லித்தரவில்லை, செலவு அதிகம், தப்பு நடந்தால் யார் பொறுப்பு என்ற கவலையும் கூடவே வருகிறது. வேலூரில் நான் பேசிப் பார்த்தவர்களும் இதைத்தான் சொன்னார்கள். பிழைப்புப் பயம் அவர்கள் பேச்சில் இல்லை, இருக்கக் காரணமும் இல்லை. வேரில் கெட்டிப்பட்டு ஒட்டிய அழுக்கை, அதாவது காரையைச் சுரண்டி எடுப்பதும், தேவைப்பட்டால் ஈறைத் திறந்து சுத்தம் செய்து தைப்பதும் கை வேலை.

"உதவியாக இருக்கும்" என்று சொல்லிவிட்டு அதோடு நின்றுவிடுகிறார்களே, அதுதான் எனக்குக் குறை. எதில் உதவி, எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக்கூடாது என்று அவர்கள்தான் பிரித்துச் சொல்ல வேண்டும். அவர்கள் சொல்லாவிட்டால் மென்பொருள் விற்கிறவர் சொல்லுவார்.

அந்த 168 எண்களையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்லூரியில் ஒருவர் அளந்து "த்ரீ, டூ, ஃபைவ்" என்று சொல்லச் சொல்ல இன்னொருவர் கட்டம் போட்ட தாளில் எழுதுவார். வெளியே சின்ன கிளினிக்கில் டாக்டர் ஒருவர், உதவிக்கு ஒரு பெண். அந்தப் பெண்தான் டோக்கனும் கொடுக்க வேண்டும், கருவிகளையும் கழுவ வேண்டும். அதனால் பல இடங்களில் கம்பியை நாலு இடத்தில் விட்டுப் பார்த்து, சீட்டில் "கிளீனிங்" என்று ஒரு வார்த்தை எழுதுவதோடு சரி. அடுத்த முறை போனால் நோய் கூடியதா குறைந்ததா என்று ஒப்பிட எதுவும் இருக்காது. டாக்டர் வாயால் சொல்வதைக் கேட்டுக் கட்டத்தில் நிரப்பும் மென்பொருள் இப்போதே இருக்கிறது. ஈறு மருத்துவர்கள் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான் என்பது என் கட்சி. அளக்கும் கை டாக்டருடையதாக இருக்கட்டும், எழுதுகிற வேலையை மிஷினுக்குத் தள்ளுங்கள்.

எக்ஸ்ரே படிக்கிற ஏஐயும் வீண் இல்லை. அமெரிக்காவில் ஓவர்ஜெட் நிறுவனத்தின் மென்பொருளுக்கு, படத்தில் எலும்பு மட்டத்தை அளப்பதற்கு 2021-லேயே அந்த நாட்டு மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் அனுமதி கிடைத்துவிட்டது. டாக்டருக்குத் துணையாக வைத்துக்கொள்ளத்தான் அந்த அனுமதி. இது நிபுணரைவிட, நிபுணர் பக்கத்தில் இல்லாத பொதுப் பல் மருத்துவருக்குத்தான் அதிகம் உதவும். சொத்தைப் பல்லுக்காக எடுத்த எக்ஸ்ரேயில் பக்கத்துப் பல்லின் எலும்பு லேசாக இறங்கியிருந்தால், கூட்டத்தின் நடுவே அது கண்ணில் படாமல் போவது சகஜம். கோடு போட்டுக் காட்டினால் ஐந்து வருஷம் முன்னாலேயே பிடிக்கலாம். வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் அந்தக் காலத்தில் வேலூரிலிருந்து குடியாத்தம் சாலையில் அங்கங்கே வண்டியை நிறுத்தி வைத்தியம் பார்த்தார். நோயாளி ஆஸ்பத்திரி வரும்வரை காத்திருக்க முடியாது என்பதை அறிந்த ஊர் இது. இந்தக் கருவியும் அந்தச் சாலையில்தான் முதலில் போக வேண்டும். உங்கள் அப்பாவுக்குப் பல் ஆட ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. பத்து வருஷம் முன்பு ஒருவர் கலர்க் கோடு போட்டுக் காட்டியிருந்தால் அவர் பீடியைக் குறைத்திருக்கவும் கூடும். வாய்ச் சொல்லுக்கு அசையாதவர்கள் படத்துக்கு அசைவதை நான் பார்த்திருக்கிறேன். ஸ்பெஷலிஸ்ட் அந்தத் தாளை அவரிடமே திருப்பிக் காட்டி, இங்கே பாருங்கள் என்று இரண்டு நிமிஷம் பேசியிருக்கலாம் என்று நான் ஆதங்கப்படுவது அதனால்தான்.

பொறுப்பு விஷயத்தில் டாக்டர்கள் கவலைப்படுவது நியாயம். மருத்துவத்தில் ஏஐ பற்றி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2023-இல் வெளியிட்ட நெறிமுறையும் கடைசி முடிவில் மனிதர் இருக்க வேண்டும் என்கிறது. அப்பாவின் எக்ஸ்ரே எந்த கம்பெனியின் கம்ப்யூட்டருக்குப் போனது என்று அந்தக் கிளினிக்கில் நீங்கள் தாராளமாகக் கேட்கலாம்.

இப்போது செய்ய வேண்டியது. கம்பி சொன்னதை நம்புங்கள், தாளையும் பத்திரமாக வையுங்கள். சர்க்கரை பார்க்கவில்லை என்றால் இந்த வாரமே பாருங்கள். சர்க்கரை கூடினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரை அடங்காது. ஈறு சிகிச்சைக்குப் பிறகு மூன்று நான்கு மாதத்தில் எச்பிஏ1சி எண் சுமார் 0.4 குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கிளீனிங் செய்தால் பல் ஆடும் என்று யாராவது பயமுறுத்தினால் காதில் வாங்காதீர்கள். காரை பல்லைப் பிடித்து நிற்கிற மாதிரி தெரியும், எலும்பைத் தின்ன வைப்பதும் அதுதான். சிகிச்சை முடிந்து சில வாரங்கள் கழித்துத் திரும்ப அளப்பார்கள். அன்றைக்கு முதல் நாள் எண்களையும் எடுத்துப் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். அவர் எழுதி வைக்கவில்லை என்றால், அடுத்த முறையாவது எழுதச் சொல்லிக் கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை.