தூக்குப் பாலம் திறக்கும்போது சாலையில் நிற்பவர்களுக்கும் படகில் வருபவர்களுக்கும் நியாயமாக நேரம் வகுப்பது எப்படி?

கப்பல் போகிற தண்ணீரே இல்லாத மலைநாட்டுக்காரன் நான். ஆனாலும் இந்தக் கேள்வியைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. "படகில் நாலு பேர், சாலையில் நானூறு பேர், நாலு பேருக்காக நானூறு பேர் ஏன் நிற்க வேண்டும்?" என்று எழுதியிருக்கிறீர்கள். இதே கேள்வியை என் முகத்துக்கு நேரே கேட்டவர்கள் ஏராளம். நான் பார்த்த வேலை பாலத்தில் இல்லை, ரயில் கேட்டில். இலங்கையில் வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் இடையில் ஒரு தேயிலைத் தோட்டப் பாதை தண்டவாளத்தைக் கடக்கிற இடம். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன்.

ரயில் கேட்டும் தூக்குப் பாலமும் ஒன்றா என்று யாராவது கேட்பீர்கள். ஒன்றில்லை. ஆனால் அடிப்படை ஒன்றுதான். இரண்டு வழிகள் ஒரே இடத்தில் குறுக்கிடுகின்றன, ஒன்று நின்றால்தான் மற்றது போகலாம், அதை நிறுத்துவதற்கு ஒரு ஆள் இருக்கிறான். வேலையில் இருந்தபோதே இதைப் பற்றித் தேடிப் படிக்கிற பழக்கம் வந்துவிட்டது. மற்ற நாடுகளில் பாலக்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.

நீங்கள் தினமும் வண்டியில் மாட்டிக்கொள்பவர் என்று நினைக்கிறேன். அந்த எரிச்சல் புரிகிறது. ஆனால் முதலில் ஒன்றைப் பாருங்கள். யாருக்கு முன்னுரிமை என்பதைத் தலையை எண்ணி முடிவு செய்வதில்லை, யாரால் நிற்க முடியாது என்பதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். வண்டிக்கு பிரேக் இருக்கிறது. படகுக்கு இல்லை. இன்ஜினைத் தணித்தாலும் நீரோட்டம் இழுக்கும், காற்று தள்ளும், மூடிய பாலத்துக்கு முன்னால் ஒரு ஒடுக்கமான கால்வாயில் பெரிய படகை அசையாமல் பிடித்து வைப்பது ஆபத்தான வேலை. எங்கள் பக்கத்து ரயிலும் அப்படித்தான். 44 அடி போனால் ஒரு அடி ஏறுகிற தண்டவாளம். வட்டவளைப் பக்கத்து மழையைப் பற்றி இலங்கையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஈரத்தில் ஏறி வரும் ரயிலை நடுவில் நிறுத்தினால் மறுபடி எடுப்பது பெரும்பாடு. சக்கரம் இருந்த இடத்திலேயே சுழலும், மணல் போட்டுப் போட்டுத்தான் நகர்த்துவார்கள்.

அதனால்தான் லண்டன் டவர் பாலத்தில் இன்றும் ஆற்றில் வருகிறவருக்கே முதலிடம். 1894இல் திறந்த பாலம் அது. வருடத்துக்குச் சுமார் 800 தடவை தூக்குகிறார்கள். 24 மணி நேரத்துக்கு முன்பே சொல்லிவிட்டால் போதும், கட்டணமும் கிடையாது. 1997இல் அமெரிக்க ஜனாதிபதி கிளின்டன் பிரதமர் பிளேயருடன் சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போது ஒரு பாய்மரப் படகுக்காகப் பாலம் தூக்கப்பட்டு, அவருடைய வாகன வரிசை இரண்டாகப் பிரிந்து நின்றது. படகு முன்பே நேரம் வாங்கியிருந்தது, அதனால் படகு போனது. இதைப் படித்த அன்று எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? எங்கள் கேட்டில் ஒரு ஜீப் ஐந்து நிமிஷம் நின்றதற்கே என் பேரைக் குறித்துக்கொண்டு போனவர்கள் உண்டு.

சரி, அப்படியென்றால் படகு நினைத்த நேரமெல்லாம் பாலத்தைத் தூக்கிக்கொண்டே இருக்க வேண்டுமா? இல்லை. அமெரிக்காவில் பொது விதி, படகு கேட்டால் பாலம் திறக்க வேண்டும் என்பதுதான். ஆனால் அதற்குள்ளேயே ஊருக்கு ஏற்ற மாதிரி விலக்குகள் வைத்திருக்கிறார்கள். சியாட்டில் நகரத்தில் ஃப்ரீமாண்ட் என்று ஒரு பாலம், 1917இல் கட்டியது, தண்ணீருக்கு மேல் உயரம் குறைவு. அதனால் ஒரு நாளைக்குச் சராசரியாக 35 தடவை திறக்கிறார்கள். அங்கே வேலை நாட்களில் காலை 7 முதல் 9 வரையும் மாலை 4 முதல் 6 வரையும் சிறிய படகுகளுக்குத் திறப்பதில்லை. ஆயிரம் டன்னுக்கு மேற்பட்ட கப்பல் வந்தால் மட்டும் திறப்பார்கள், ஏனென்றால் அதை நிறுத்தி வைக்க முடியாது. ஃப்ளோரிடாவில் பல பாலங்கள் மணிக்கு ஒரு தடவை, அரை மணிக்கு ஒரு தடவை என்று கடிகாரம் பார்த்துத் திறக்கும். உல்லாசப் படகுகள் அதற்கேற்ற வேகத்தில் வந்து சேரும். ஆபத்தில் இருக்கும் படகு வந்தால் மட்டும் கடிகாரம் பார்ப்பதில்லை. ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க்கில் நேவா ஆற்றுப் பாலங்களை நள்ளிரவுக்குப் பிறகுதான் தூக்குகிறார்கள், கப்பல்கள் இரவில் போகும், ஊர் பகலில் நடக்கும்.

"அப்படியானால் படகுகளை எல்லாம் சேர்த்து வைத்து ஒரேயடியாக விட்டால் நல்லதுதானே" என்றும் கேட்டிருக்கிறீர்கள். பாதி சரி. இந்த இடத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஒரு கணக்குப் போடுங்கள். சாலையில் நிமிஷத்துக்குப் பத்து வண்டி வருகிறது என்று வையுங்கள். பாலம் 5 நிமிஷம் திறந்தால் 50 வண்டி நிற்கும், ஆளுக்குச் சராசரி இரண்டரை நிமிஷம், மொத்தம் 125 நிமிஷம். பாலம் 10 நிமிஷம் திறந்தால் 100 வண்டி, ஆளுக்கு 5 நிமிஷம், மொத்தம் 500. நேரம் இரண்டு மடங்கானால் காத்திருப்பு நான்கு மடங்காகிறது. பாலம் மூடியபின் வரிசை கலைய ஆகும் நேரத்தை இதில் சேர்க்கவே இல்லை. ஐந்து ஐந்து நிமிஷமாக இரண்டு தடவை திறந்தால் 250 தான். ஆனால் ஒவ்வொரு தடவையும் தடுப்பைப் போட்டு, பாலத்தில் ஆள் இல்லையென்று பார்த்து, பூட்டை எடுத்து, தூக்கி, இறக்கி, மறுபடி பூட்டுவதற்கென்று ஒரு நேரம் போகும். அது ஒரு படகுக்கும் ஒன்றுதான், ஆறு படகுக்கும் ஒன்றுதான். ஆகவே படகுகளைச் சேர்க்க வேண்டும், ஆனால் திறந்து வைக்கும் நேரத்துக்கு ஒரு உச்ச வரம்பும் வைக்க வேண்டும். நாலைந்து படகைச் சேர்த்து விடுங்கள். இருபது படகைச் சேர்த்தால் சாலை செத்துவிடும்.

இப்போது என் கதை. இதைச் சொல்லாமல் மேலே சொன்னது உங்களுக்கு ஏட்டுச் சுரைக்காயாகத்தான் இருக்கும்.

ஒரு மழைக்கால மாலை. ஸ்டேஷனில் இருந்து போன் வந்தது, ரயில் விட்டாச்சு என்று. கொட்டகலை எண்ணெய்க் கிடங்குக்குப் போகிற எண்ணெய் ரயில். கேட்டை மூடினேன். வழக்கமாக வந்து சேர வேண்டிய நேரம் போய், அதற்கு மேலும் போய்விட்டது. ஏற்றத்தில் எங்கோ சக்கரம் வழுக்கி நிற்கிறது என்று எனக்குப் புரிந்தது. ஆனால் எந்த நிமிஷத்தில் பிடித்து ஏறி வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. பாதையில் முதல் வண்டியாகத் தேயிலைக் கொழுந்து ஏற்றிய லொறி. பின்னால் டியூஷன் முடிந்த பிள்ளைகளோடு ஒரு வேன், இரண்டு மூன்று ஆட்டோ, தோட்டத்து ஜீப்.

லொறி டிரைவர் தம்பி இறங்கி வந்தான். "அண்ணே, கொஞ்சம் கையை விட்டுப் பாருங்க" என்று என் கையைப் பிடித்து ஒரு சாக்குக்குள் விட்டான். உள்ளே வெந்நீர்ப் பானை மாதிரிச் சூடு. பறித்த கொழுந்தை அமுக்கிக் கட்டி நேரம் கடத்தினால் அது தானாகவே சூடேறும், ஓரம் சிவக்கும், அப்புறம் ஃபேக்டரியில் அந்தக் கொழுந்தைக் கழிப்பார்கள். காலையிலிருந்து அட்டைக் கடியும் மழையுமாக மலையில் நின்ற பெண்களின் உழைப்பு அந்தச் சாக்கில் வெந்துகொண்டிருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. கேட்டைத் திறக்கவில்லை.

ஒரு ஆட்டோவில் மூச்சு இழுக்கிற பிள்ளையோடு ஒரு தாய். லைனைப் பார்த்தேன், காது கொடுத்துக் கேட்டேன், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்தத் தாயை நடந்து அந்தப் பக்கம் போகச் சொல்லி, எதிரே நின்ற ஆட்டோவைத் திருப்பி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ரயில் வருகிற நேரத்தில் ஆளைக் கடக்க விட்டது சரியா என்று இங்கே யாராவது எழுத வருவீர்கள். ஏற்றத்தில் வரும் இன்ஜின் சத்தம் வளைவுக்கு அப்பால் இருக்கும்போதே மலை முழுக்கக் கேட்கும், ஆள் நடந்து கடக்கச் சில விநாடி போதும். பாரம் ஏற்றிய லொறி தண்டவாளத்தின் நடுவில் நின்றுபோனால் அப்படியா? அந்த வித்தியாசம் தெரிந்துதான் ஒன்றை விட்டேன், ஒன்றை நிறுத்தினேன். இன்றைக்கும் அதையேதான் செய்வேன்.

ரயில் வந்து போனபின் திட்டும் சாபமுமாகக் கேட் திறந்தது. மறுநாள் டிரைவர் தம்பியையும் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையையும் உட்கார வைத்துப் பேசினேன். ரயில் நேரத்தை ஒரு தகரத் தட்டில் பெயின்டால் எழுதிக் கேட்டருகே மாட்டினேன். பக்கத்து ஸ்டேஷனில் இருந்த மாஸ்டர் நல்ல மனிதர், ரயில் தாமதம் என்றால் முன்கூட்டியே எனக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுவார், நான் தட்டுக்குக் கீழே சோக்கட்டியால் எழுதிவிடுவேன். தோட்டத்தில் பின்னேரக் கொழுந்து நிறுவையைக் கொஞ்சம் முன்னால் எடுத்தார்கள், லொறி எண்ணெய் ரயிலுக்கு முன்பே கடந்துவிடும். வேன் பையன் தட்டைப் பார்த்துவிட்டுத் தேநீர்க் கடையில் பிள்ளைகளை இறக்கி விடுவான். ரயில் ஒன்றுகூடக் குறையவில்லை, கேட் மூடுகிற நேரமும் குறையவில்லை, சண்டை மட்டும் பெருமளவு குறைந்தது. அப்புறம் மேலிடத்திலிருந்து வந்த ஒருவர், அனுமதி இல்லாமல் அறிவிப்பு மாட்டக்கூடாது என்று தட்டைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன். அதற்குப் பதிலாக அவர்கள் எதையும் மாட்டவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ரயில் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு இந்த மலைநாட்டு ரயிலில் எங்கள் சனத்துக்கே சீட் கிடைப்பதில்லை. இந்தப் பாதை 1884இல் ஹட்டனுக்கும், 1885இல் நானுஓயாவுக்கும், 1924இல் பதுளைக்கும் போய்ச் சேர்ந்தது தேயிலைக்காக. அந்தத் தேயிலையைப் பறித்தவர்களின் பேரப்பிள்ளைகள் கொழும்பில் கடைகளில் வேலை செய்துவிட்டுத் தீபாவளிக்கு வீடு வரும்போது, முன்பதிவு டிக்கட் முழுக்க எல்ல என்கிற சுற்றுலா ஊரைப் பார்க்கப் போகிறவர்களுக்கு எப்போதோ போயிருக்கும். சுற்றுலாப் பயணிகள் வரட்டும், அவர்கள் மேல் எனக்குக் குறையில்லை. வீட்டுக்குப் போகிறவனுக்கு ஒரு பெட்டி ஒதுக்கக் கூடாதா? இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லை, தெரியும். ஆனால் ஒரு வழியை யார் பயன்படுத்துகிறார்கள், யாரைக் கேட்டு நேரம் வகுக்கிறார்கள் என்று வரும்போது எனக்கு இதுதான் ஞாபகம் வருகிறது.

தூக்குப் பாலத்தை நான் கண்ணால் பார்த்தது பாம்பனில். மலைநாட்டுத் தமிழர் பலரை இந்தியாவுக்கு அனுப்ப இரண்டு அரசுகளும் செய்த 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு பெரியம்மா குடும்பம் தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, அந்தப் பாலத்தின் மேல் ரயிலில்தான் மண்டபம் முகாமுக்குப் போனது. பிறகு நான் பார்க்கப் போனபோது, 1914இல் கட்டிய அந்தப் பாலத்தின் நடுப்பகுதியை ஆட்கள் கையால் சுற்றித் திறந்தார்கள். கப்பல்களும் பெரிய படகுகளும் காத்திருந்து வரிசையாகக் கடந்தன. ரயில் இல்லாத நேரம் பார்த்து, படகுகளைச் சேர்த்து வைத்து, ஒரு தடவை திறப்பு. இப்போது 2025 ஏப்ரலில் புதுப் பாலம் வந்துவிட்டது. 72.5 மீட்டர் நீளத் துண்டு மின்சாரத்தில் 17 மீட்டர் நேராக மேலே போகிறது.

இலங்கையிலும் இது புதிதில்லை. கொழும்பில் களனி ஆற்றின் மேல் படகுகளை வரிசையாகக் கட்டி, மேலே பலகை போட்ட பாலம் ஒன்று இருந்தது. 1895இல் விக்டோரியா பாலம் வரும்வரை கண்டிப் பாதை வண்டிகள் அதில்தான் போயின. ரயில் வருவதற்கு முன் எங்கள் மலைக் கோப்பியை ஏற்றிய மாட்டு வண்டிகளும் அந்தப் பாலத்தில்தான் ஆற்றைக் கடந்தன. ஆற்றில் வரும் சரக்குப் படகுகளுக்காக அந்தப் பாலத்திலும் ஒரு பகுதியை எடுத்து வழிவிடுவார்கள். மாட்டு வண்டிக்காரனும் நின்றிருப்பான்.

உங்கள் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். பாலத்தை இயக்குகிறவர் ஒவ்வொரு திறப்பையும் பதிவேட்டில் எழுதி வைத்திருப்பார், எத்தனை மணிக்கு, எந்தப் படகுக்கு, எவ்வளவு நேரம் என்று. அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். காலையும் மாலையும் திறந்ததில் எத்தனை உல்லாசப் படகு, எத்தனை மீன்பிடி, எத்தனை சரக்கு என்று பிரியுங்கள். உல்லாசப் படகு அதிகமென்றால் காலை, மாலை இரண்டு மணி நேரம் அவற்றுக்கு மட்டும் மூடச் சொல்லி எழுதிக் கேளுங்கள், மற்ற நேரத்தில் அரை மணிக்கு ஒரு திறப்பு. மீன்பிடிப் படகைத் தொடாதீர்கள், அவர்கள் கடல் ஏற்றவற்றத்தைப் பார்த்து வருகிறவர்கள், மீனும் கொழுந்து மாதிரிதான், காத்திருக்காது. திறக்கும் நேரத்தைப் பாலத்துக்கு ஒரு சந்தி முன்னாலேயே பலகையில் போடச் சொல்லுங்கள், வேறு வழியில் திரும்பக்கூடியவர்கள் அங்கேயே திரும்பட்டும். பாலம் தூக்கியிருக்கும்போது இயக்கும் ஆளிடம் போய்ச் சத்தம் போடாதீர்கள். அவருக்கு அந்த நேரத்தில் தண்ணீரைப் பார்க்கிற வேலை இருக்கிறது.