பரணில் கிடக்கும் பழைய டிவியை யாரிடம் கொடுப்பது?

கேள்வி: எங்கள் வீட்டுப் பரணில் பழைய பெட்டி டிவி, ஓடாத மிக்ஸி, இரண்டு கைபேசிகள் கிடக்கின்றன. பழைய இரும்புக் கடைக்காரர் எடைக்குக் கேட்கிறார். எக்ஸ்சேஞ்சில் கொடுப்பது நல்லதா? நாம் ஒருவர் பார்த்துச் செய்வதால் எதுவும் மாறுமா?
- வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: முதலில் மிக்ஸியை இறக்கிப் பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டுபோங்கள். பெரும்பாலும் தேய்ந்திருப்பது கார்பன் பிரஷ்ஷோ, ஜாருக்கு அடியிலுள்ள கப்ளரோதான். இரண்டையும் சிறு தொகைக்கு மாற்றிவிடலாம். மறுசுழற்சியில் செம்பும் இரும்பும் திரும்பக் கிடைக்குமே தவிர, அந்த மோட்டாரைச் செய்யச் செலவான மின்சாரம் திரும்பாது என்பதால், பொருளின் ஆயுளை நீட்டிப்பதே முதல் வேலை.

டிவியை மட்டும் எடைக்குப் போடாதீர்கள். அதன் படக்குழாய்க் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. செம்புக்காகக் குழாயை உடைத்து, வயர்களை எரித்து, கண்ணாடியைக் காலி மனையில் கொட்டிவிடுவது பல ஊர்களில் நடக்கிறது, வயரின் பி.வி.சி. பிளாஸ்டிக் உறை எரிந்தால் டையாக்சின் நச்சு வெளியாகும். சிப்காட் தொழிற்பேட்டையின் காற்றைப் பற்றிப் பல ஆண்டுகளாகப் புகார் சொல்லிவரும் கடலூர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. (இரும்புக் கடைக்காரரை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை, அவர் இல்லாவிட்டால் பாதிப் பொருள் குப்பைத் தொட்டிக்குத்தான் போயிருக்கும்.)

2023 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, உற்பத்தியாளர்கள் தமக்கு விதிக்கப்பட்ட அளவுக்கு மறுசுழற்சி நடந்ததை, பதிவுபெற்ற ஆலைகளிடம் சான்றிதழ் வாங்கிக் காட்ட வேண்டும். தொடக்கத்தில் 60 விழுக்காடாக இருந்த அந்த இலக்கு, 2027-28 முதல் 80 ஆகிறது. உங்கள் டிவி அத்தகைய ஆலைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அந்தக் கணக்கில் ஏறும். நாம் ஒருவர் செய்வதால் மாறுவது இதுதான்.

எக்ஸ்சேஞ்ச் தள்ளுபடி புதியதை விற்பதற்கான உத்தி. அதில் தவறில்லை, ஆனால் பழையது எந்த நிறுவனத்துக்குப் போகிறது என்று கேளுங்கள். பெயர் சொல்லத் தயங்கும் கடையில் கொடுக்க வேண்டாம். பதிவுபெற்ற ஆலைகளின் பட்டியல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் உள்ளது. எடைக்குக் கிடைப்பதைவிடச் சற்றுக் குறைவாகவே கையில் வரலாம். அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

கைபேசிகளில் சிம், மெமரி கார்டை எடுத்துவிட்டு, கூகுள் கணக்கிலிருந்து வெளியேறி, எல்லாத் தகவலையும் அழித்துக் கொடுங்கள். பின்மூடி உப்பியிருந்தால் பேட்டரி வீங்கியிருக்கிறது என்று பொருள். அதைச் சார்ஜ் செய்யாமலும் குத்தாமலும் உடனே ஒப்படையுங்கள், வெயிலில் காயும் பரணில் வைக்காதீர்கள்.

கேள்வி: ஒருவர் பயன்படுத்திய கைபேசியை வாங்கலாமா?
- வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: தாராளமாக வாங்கலாம். பில் கேளுங்கள், பாதுகாப்பு அப்டேட் இன்னும் வருகிறதா என்று பாருங்கள். *#06# அழுத்தினால் வரும் ஐ.எம்.இ.ஐ. எண்ணை (ஒவ்வொரு கைபேசிக்கும் உரிய தனி அடையாள எண்) மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சரிபார்த்த பிறகே பணம் கொடுங்கள்.